காக்கா பறக்கிற தூரம்: ஆங்கிலத்தில் தூரம் சொல்லும் ஒரு தொடர், புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நான் வாடகைக்குப் பிடித்த அறையின் விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. ரயில் நிலையத்திலிருந்து அரை மைல், ‘ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’. அரை மைல் என்றால் எண்ணூறு மீட்டர். பத்து நிமிட நடை. டாக்ஸி எதற்கு என்று இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே அந்தத் தெருவின் கூரைகள் தெரிந்தன. நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பாலம் மேற்கே ஒரு மைலில் இருந்தது. போய், கடந்து, அக்கரையில் அதே அளவு திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு பெட்டியின் சக்கரம் வழியிலேயே கழன்றுவிட்டது.

வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து, என் கோலத்தைப் பார்த்து, உண்மையான அக்கறையோடு சொன்னது இதுதான்: விளம்பரத்தில் ‘ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்று போட்டிருந்தேனே. அவர் பொய் சொல்லவில்லை. அரை மைல்தான் என்று சொல்லிவிட்டு, அது நடக்கிற அரை மைல் இல்லை என்பதையும் அதே வரியில் சொல்லியிருந்தார். அந்த நான்கு சொல்லும் என் கண்ணில் பட்டன, மனதில் ஏறவில்லை. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பொருள் என்ன?

சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘காகம் பறக்கிறபடி’. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இழுத்தால் வருகிற தூரம். நடுவில் ஆறு இருக்கலாம், மலை இருக்கலாம், ரயில் பாதை இருக்கலாம், யாரோ ஒருவரின் வேலி போட்ட தோட்டம் இருக்கலாம். காக்காவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

நம்மிடம் இந்தக் கருத்து இல்லாமல் இல்லை. செய்தித்தாளில் ‘வான்வழித் தூரம்’ என்று எழுதுவார்கள். இந்திய அலுவலகங்களில் ‘ஏரியல் டிஸ்டன்ஸ்’ என்ற பேச்சு காதில் விழும். ஆனால் இவை ஏட்டுச் சொற்கள். நம் பாட்டி ‘சந்தைக்கு வான்வழியாக மூன்று கிலோமீட்டர்’ என்று சொல்ல மாட்டார். ஆங்கிலத் தொடர் அப்படியல்ல. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் முதியவரும் சொல்வார், கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அதிகாரியும் கடிதத்தில் எழுதுவார். வீட்டுப் பேச்சுக்கும் ஆபீஸ் பேச்சுக்கும் பொதுவாக இருப்பதால்தான் புதிதாக வருகிறவர்கள் இதைச் சீக்கிரமே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

தொடர் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அச்சில் இருக்கிறது. எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்து மாலுமிகள் கூண்டில் காகங்களைக் கொண்டுபோவார்களாம். கரை தெரியாதபோது ஒன்றைத் திறந்துவிட்டால் அது நேரே நிலத்தை நோக்கிப் பறக்கும், கப்பல் அதன் பின்னால் போகும். கரை காணாமல் கப்பலின் கூம்புக்கே திரும்பி வரும் பறவையை நம் பாசுரத்தில் படித்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். ஆனால் தொடர் இதிலிருந்துதான் பிறந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது, அதனால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். காகம் எப்போதும் நேராகப் பறப்பதும் இல்லை. வட்டமிடும், மரத்துக்கு மரம் தாவும், வழியில் எதையாவது கண்டால் இறங்கிவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதையே ‘பறவை பறக்கும் கணக்கில்’ என்பார்கள். ஜெர்மானியர்கள் ‘காற்றுக் கோடு’ என்பார்கள். ஆங்கிலத்தில் பறவை மட்டும் காகமாகிவிட்டது.

முதல் படி: காதைப் பழக்குங்கள்

நான்கு சொல்லையும் தனித்தனியாகக் கேட்க முயன்றால் தவறவிடுவீர்கள். பேச்சில் அது ஒரே மூச்சில் வரும்: ‘அஸ்-த-க்ரோ-ஃப்ளைஸ்’. முதல் இரண்டும் விழுங்கப்பட்டுவிடும். அழுத்தம் ‘க்ரோ’விலும் ‘ஃப்ளைஸ்’இலும் விழும். ‘க்ரோ’வில் ஓகாரத்தை நன்றாக நீட்டுங்கள். ‘ஃப்ளைஸ்’ கடைசியில் வருவது நம் ‘ஸ்’ இல்லை, தேனீ ரீங்காரம் போன்ற ஒலி.

இது எங்கே உட்காரும் என்பதும் முக்கியம். பெரும்பாலும் ஓர் எண்ணுக்குப் பின்னால் வரும். ‘இட்ஸ் ஒன்லி டூ மைல்ஸ் ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’. எண் முதலில், காகம் பின்னால். அதனால் மைல் கணக்கு காதில் விழுந்தவுடனே மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடாமல், அடுத்த அரை விநாடி காத்திருங்கள். காகம் வருகிறதா என்று பாருங்கள். நான் அன்று தவறவிட்டது அந்த அரை விநாடியைத்தான்.

இங்கே எல்லாம் மைலில்தான். ஒரு மைல் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். இது கைவசம் இருக்கட்டும்.

இரண்டாவது படி: சொல்லாமல் விட்ட ‘ஆனால்’

என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் காக்கா கணக்கில் தூரம் சொல்கிறார் என்றால், அவர் மனதில் இரண்டு தூரங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லிவிட்டார். இன்னொன்று நாக்கு நுனியில் நிற்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அவர் காகத்தைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார். ‘இரண்டு மைல்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

ஆகவே இந்தத் தொடரைக் கேட்டதும் ‘ஓகோ, கிட்டத்தான்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வழி சுற்று’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவர்களே தொடர்ந்து சொல்லிவிடுவார்கள்: ‘பட் இட்ஸ் மோர் லைக் ஃபைவ் பை ரோடு’. சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ‘அண்ட் பை ரோடு?’ என்ற மூன்றே சொல் போதும். நடந்து போகிறீர்களா, ‘ஹவ் லாங் டஸ் இட் டேக் டு வாக்?’ என்று நிமிடத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அவர் பாதி சொன்னதை நீங்கள் முழுதாக்குகிறீர்கள், அவ்வளவுதான். அநேகமாக அவர் சந்தோஷமாக வழியை விளக்கத் தொடங்கிவிடுவார்.

சிலர் இதைக் கொஞ்சம் சலிப்போடும் சொல்வார்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவர், தன் அம்மா வீடு நாலு மைல்தான், ஆனால் போய்ச் சேர முக்கால் மணி நேரம் என்று சொல்லும்போது அந்த ‘க்ரோ’வை ஒரு பெருமூச்சோடு இழுப்பார். அங்கே தூரம் முக்கியமில்லை, போக்குவரத்துதான் பேச்சு. ‘ஓ, தட்ஸ் அ பெயின்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்றாவது படி: நீங்களே அளந்து பாருங்கள்

கேட்டுப் பழகுவதைவிட ஒருமுறை அளந்து பார்த்தால் இந்தத் தொடர் மறக்கவே மறக்காது. போனில் கூகுள் மேப்ஸ் திறந்து, உங்கள் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்புக் குறி விழும். கீழே வரும் விவரப் பகுதியைத் தள்ளினால் ‘மெஷர் டிஸ்டன்ஸ்’ இருக்கும். அதைத் தொட்டு, வரைபடத்தை நகர்த்தி, நடுவில் இருக்கும் வட்டத்தைப் போக வேண்டிய இடத்தின் மேல் கொண்டுவாருங்கள். அடியில் தெரிகிற எண்தான் காக்கா கணக்கு. கணினி என்றால் வலது கிளிக்கில் அதே வசதி இருக்கிறது.

இப்போது அதே இரண்டு இடத்துக்கும் வழி கேளுங்கள், நடக்கிற மனிதரின் படத்தைத் தேர்ந்தெடுத்து. இன்னோர் எண் வரும். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கட்டம் கட்டமான தெருக்கள் உள்ள ஒரு பேட்டை என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே 300 மீட்டர் போய், வடக்கே 400 மீட்டர் போனால் கடை. நீங்கள் நடந்தது 700. காகம் பறந்தது 500. பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். இப்படிப்பட்ட ஊரில் நடைத் தூரம், நேர்த் தூரத்தைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போகாது. நான் வீடு பார்க்கும்போது வைத்திருக்கும் கைக்கணக்கு இது: ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் சரி, தெரு வளைவுதான். இரண்டு மடங்கைத் தாண்டினால் நடுவில் ஏதோ கிடக்கிறது. அது ஆறா, ரயில் பாதையா, மோட்டார்வேயா என்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி நல்ல உதாரணம். இக்கரையில் இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர், அக்கரையில் வேல்ஸின் கார்டிஃப். நேர்கோட்டில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். காரில் போனால் வடக்கே ஏறி, செவர்ன் பாலத்தைத் தாண்டி, மறுபடி இறங்க வேண்டும், 80 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பக்கத்து மக்கள் வாயில் காகம் அடிக்கடி வந்தால் ஆச்சரியமில்லை.

நம் ஊரிலும் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் 30ஐத் தொடாது. மிச்சமெல்லாம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற வளைவு. இன்னொன்று மனதைக் கொஞ்சம் கனக்க வைக்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறி அக்கரை போனார்கள். இன்று ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் மன்னாருக்குப் போக வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ‘முப்பது கிலோமீட்டர், ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்தில் அறுபது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. வீடு தேடும் தளங்களிலும் வேலை தேடும் தளங்களிலும் ‘ஐந்து மைலுக்குள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அது பொதுவாக உங்கள் இடத்தை நடுவாக வைத்துப் போட்ட வட்டம். அதாவது காக்கா கணக்கு, காகத்தின் பெயரைச் சொல்லாமல். நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்னால் வழியைப் போட்டுப் பாருங்கள்.

நான்காவது படி: பள்ளி, கவுன்சில், சட்டம்

குழந்தைகளோடு வருகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இங்கே இந்தத் தொடர் வெறும் பேச்சு இல்லை, உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறதா இல்லையா என்பதையே முடிவுசெய்யலாம்.

போன வருடம், லண்டனுக்குக் குடிவந்த புதிதில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி போன் செய்தாள்.

“அக்கா, ஸ்கூலுக்கு நடந்தா பதினெட்டு நிமிஷம் ஆகுது. ஆனா கவுன்சில் லெட்டர்ல அரை மைலுக்கும் கம்மின்னு போட்டிருக்காங்க. தப்பா அளந்துட்டாங்களா? நான் எழுதிக் கேட்கட்டுமா?”

“தப்பில்லைம்மா. நடுவுல ரயில் லைன் போகுதுல்ல? அவங்க அதைப் பார்க்கல. காக்கா கணக்குல அளந்திருக்காங்க. உனக்கு அது நல்லதுதான், பேசாம விடு.”

இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால், அண்ணன் அக்கா படிக்கிறார்களா போன்ற முன்னுரிமைகளைப் பார்த்த பிறகு, வீடு எவ்வளவு பக்கம் என்று பார்ப்பது வழக்கம். பல கவுன்சில்கள் அதை நேர்கோட்டில் அளக்கின்றன. மைலில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கிடுகிற இடமும் உண்டு. சில இடங்களில் நடைவழியாக அளப்பார்கள். எது என்பது அந்தந்தப் பள்ளியின் சேர்க்கை விதியில் எழுதியிருக்கும். நீங்கள் தேட வேண்டிய சொல் ‘ஸ்ட்ரெய்ட் லைன்’. பேச்சில் காகம், காகிதத்தில் நேர்கோடு. போன ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பதைப் பல கவுன்சில்கள் வெளியிடுகின்றன. உங்கள் வீட்டு எண்ணை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்து, பள்ளிக்குப் போக இலவசப் போக்குவரத்து கிடைக்குமா என்று பார்க்கிறீர்கள். அங்கே காகத்தை மறந்துவிடுங்கள். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டு மைல், அதற்கு மேல் மூன்று மைல் என்பது எல்லை, அதுவும் தகுந்த பள்ளிகளில் மிகப் பக்கமானதற்குப் போகிற பிள்ளைக்குத்தான். அந்த மைல் பிள்ளை பத்திரமாக நடந்து போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கப்படுகிறது. ஒரே வீடு, ஒரே பள்ளி, இரண்டு தூரம். இரண்டும் சரி. எந்தக் காகிதத்தில் எது என்று தெரிந்திருந்தால் வீணாக மனு எழுத வேண்டியிருக்காது.

சட்டமே இதை எழுதி வைத்திருக்கிறது. பிரிட்டனின் 1978ஆம் ஆண்டு பொருள்கோள் சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்வது: ஒரு சட்டத்தில் தூரம் குறிப்பிட்டிருந்து, வேறு விதமாக அளக்கச் சொல்லாவிட்டால், கிடைமட்டத் தளத்தில் நேர்கோட்டில் அளக்க வேண்டும். கிடைமட்டம் என்றதால் மேடு பள்ளமும் கணக்கில் வராது. இந்தியாவிலும் இதே விதி உண்டு. 1897ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 11ஆவது பிரிவு, மத்தியச் சட்டங்களுக்கு ஏறக்குறைய இதே சொற்களில் இதையே சொல்கிறது. நம் ஊர் வக்கீல்களுக்குக் காகம் புதிதல்ல.

எப்படி அளப்பது என்பது தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஏப்ரலில் கேரளாவின் வடக்கு பரவூரில் நடந்ததைச் சொல்லலாம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்திருந்தது. அங்கே ஒரு பார், தன் வாசலுக்கு முன்னால் சுவர்களை எழுப்பி, வளைந்து வளைந்து போகும் ஒரு பாதையை அமைத்தது. கட்டடம் நகரவில்லை. வாடிக்கையாளர் நடக்க வேண்டிய தூரம்தான் கூடியது. நடைத் தூரத்தைத்தான் பார்க்கிறோம், வான்வழித் தூரத்தை அல்ல என்று கலால் அதிகாரி ஒருவர் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. காகமாகப் போகிறவருக்கு அந்தச் சுவர்கள் ஒன்றுமே இல்லை. எந்தத் தூரம் என்று முதலில் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாவது படி: இனி நீங்கள் சொல்லுங்கள்

தொடரை மாற்றாதீர்கள். ஒரே காகம், அதற்கு முன்னால் ‘த’, எப்போதும் நிகழ்காலம். நேற்று நடந்ததைச் சொன்னாலும் ‘இட் வாஸ் டென் மைல்ஸ் ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’தான். ‘ஃப்ளூ’ என்று இறந்தகாலமாக்கினால் கேட்கிறவர் ஒரு நிமிடம் உண்மையான காகத்தைத் தேடுவார். ‘க்ரோஸ்’ என்று பன்மையும் வேண்டாம். ‘லைக் த க்ரோ’ என்றும் வேண்டாம்.

அதிகம் காதில் விழுகிற பிழை, நேரத்தோடு சேர்ப்பது. ‘பத்து நிமிடம், ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்’ என்று நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆங்கிலேயர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பொருந்தாது. காகம் எத்தனை நிமிடத்தில் பறக்கும் என்பது யாருக்கும் வேண்டாம். மைலோ கிலோமீட்டரோ சொல்லுங்கள். இன்னொரு பிழை, இதை வேகம் என்று நினைப்பது. ‘அவன் காகம் பறக்கிறபடி வந்தான்’ என்றால் சீக்கிரம் வந்தான் என்று ஆகாது. நேரே வந்து நின்றான் என்று சொல்ல அவர்களிடம் தேனீ இருக்கிறது: ‘மேட் அ பீலைன் ஃபார்’. கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் மேசைக்கு ஓடுவார்களே, அதற்குச் சரியான சொல் அது. அளவைச் சொல்லக் காகம், போகிற போக்கைச் சொல்லத் தேனீ.

கிட்டத்தில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம் என்று சொல்வதற்குக் காகத்தை அழைக்கவே வேண்டாம். அதற்கு ‘அ ஸ்டோன்ஸ் த்ரோ’ இருக்கிறது. இது நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லாத தொடர், கல்லெறி தூரம். தமிழ் விவிலியத்தில் கெத்செமனே இரவைச் சொல்லும் இடத்தில் இதே சொல் வருகிறது. நம்மிடம் இதைவிட அழகான இன்னொன்றும் உண்டு, கூப்பிடு தூரம். குரல் கேட்கிற தூரத்தில் மனிதர் இருக்கிறார் என்பது அதில் தெரியும். ஆங்கிலத்தில் கல் எறிந்தால் எண் சொல்லக் கூடாது, ‘ஜஸ்ட் அ ஸ்டோன்ஸ் த்ரோ ஃப்ரம் த ஸ்டேஷன்’ என்று நிறுத்திவிட வேண்டும். காகம் பறந்தால் எண் சொல்லியே ஆக வேண்டும். இரண்டையும் பிரித்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

தமிழில் பேசும்போது இதை அப்படியே பெயர்த்து ‘காகம் பறக்கிறபடி’ என்று சொல்லாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்காது. காக்கா என்றால் நமக்குக் காக்கா பிடிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும், அது வேறு சங்கதி. ‘நேரா கோடு போட்டா ரெண்டு கிலோமீட்டர், ரோட்டுல போனா அஞ்சு’ என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

பழகுவதற்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்யுங்கள், உங்கள் சொந்த இடத்தை வைத்து. நேர்த் தூரம், காகம், ‘பட்’, தடையாக இருப்பது எது. சென்னையிலிருந்து வந்தவரிடம் ஊர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், லண்டனிலிருந்து நேர்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர், அதையும் சொல்லலாம். ஆனால் பக்கத்து இடங்களை வைத்துத் தொடங்குவது நல்லது, பேச்சு அங்கேதான் நீளும்.

எனக்குப் போன் செய்த பெண்ணை இந்த வசந்த காலத்தில் பார்த்தேன். பிள்ளைக்கு அதே பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. பள்ளி வாசலில் இன்னொரு தாய் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள் தயங்காமல் சொல்லியிருக்கிறாள்: “லெஸ் தன் ஹாஃப் அ மைல் ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ், பட் தேர்ஸ் த ரெயில்வே இன் பிட்வீன்.” அந்த அம்மா சிரித்துவிட்டு, தானும் அந்தப் பக்கம்தான் என்றும், தெருக்கோடியில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்க நடைபாதை இருக்கிறது, அது வரைபடத்தில் வராது என்றும் சொன்னாராம். இப்போது இரண்டு பேரும் காலையில் சேர்ந்தே அந்த வழியாக நடக்கிறார்கள். பதினோரு நிமிடம்.